வரலாற்றுக்கு ஏன் செய்முறைத் தேர்வு இல்லை?

தமிழ்நாட்டில் பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வுக்கு முன்னதாக அறிவியல் செய்முறைத் தேர்வு நடக்கும். மாணவி குவிலென்சைத் தாங்கியில் பொருத்துவாள். திரையை முன்னும் பின்னும் நகர்த்திப் பிம்பம் தெளிவாக விழும் இடத்தைத் தேடுவாள். உப்பைத் தண்ணீரில் கரைத்துவிட்டு, குழாய் சுடுகிறதா குளிர்கிறதா என்று பார்ப்பாள். அறிவியலுக்கான 100 மதிப்பெண்ணில் 25 இந்த வேலைக்குத்தான். லென்சின் இலக்கணத்தை எவ்வளவு அழகாக ஒப்பித்தாலும், கை வேலை செய்யாவிட்டால் இந்த 25 கிடைக்காது. விதி அப்படித்தான் சொல்கிறது.

அதே மாணவி சமூக அறிவியலில் 100 மதிப்பெண்ணையும் தாளிலேயே எழுதித் தீர்க்கிறாள். 2019இல் வந்த பத்தாம் வகுப்புப் பாடநூலின் வரலாற்றுப் பகுதி முழுக்க முழுக்க நவீன காலம் பற்றியது. முதல் உலகப்போரில் தொடங்கி, இரண்டாம் உலகப்போர், சமூக சமயச் சீர்திருத்த இயக்கங்கள், பாளையக்காரர் கிளர்ச்சி, காந்திய காலகட்டம் என்று போய், தமிழ்நாட்டின் சமூக மாற்றங்களில் முடிகிறது. அவற்றுக்கான கேள்விகளும் தலைமுறைகளுக்குப் பழகியவை: சரியான விடையைத் தேர்ந்தெடு, கோடிட்ட இடத்தை நிரப்பு, பொருத்து, கூற்று–காரணம், இரண்டு மார்க், ஐந்து மார்க், எட்டு மார்க். மாணவர்கள் ‘புக் பேக்’ என்று சொல்லும் பாட இறுதி வினாக்களை உருப்போட்டால் பாதிக் கிணறு தாண்டியாயிற்று.

வரலாற்று ஆய்வாளர் செய்யும் வேலை எதையாவது இந்தத் தாளில் மாணவி செய்கிறாளா? பழைய கடிதம் ஒன்றைக் கையில் எடுத்து, இதை எழுதியவர் யார், எப்போது எழுதினார், எதற்காக எழுதினார் என்று அவள் ஒருமுறையாவது கேட்க வேண்டியிருக்கிறதா? இந்தக் கேள்வி தமிழ்நாட்டோடு நிற்பதில்லை. நூறாண்டுக்கு மேலாக இதோடு மல்லுக்கட்டிய நாடு அமெரிக்கா. அங்கே நடந்ததைப் பார்த்தால் நம் வினாத்தாளும் இன்னும் தெளிவாகப் புரியும்.

டெக்சாஸில் கார்ல்டன் பெல், டேவிட் மெக்காலம் என்ற இருவர் சுமார் 1,500 மாணவர்களுக்கு அமெரிக்க வரலாற்றில் ஒரு தேர்வு வைத்து, முடிவை 1917இல் வெளியிட்டார்கள். தொடக்கப் பள்ளிப் பிள்ளைகள் முதல் கல்லூரி மாணவர்கள் வரை எல்லோரும் எழுதினார்கள். உயர்நிலைப் பள்ளி மாணவர்கள் வாங்கிய சராசரி 33 சதவீதம். கல்லூரி மாணவர்களே 49ஐத் தாண்டவில்லை. தாமஸ் ஜெஃபர்சனுக்கும், உள்நாட்டுப் போரில் தென் மாநிலங்களுக்குத் தலைமை வகித்த ஜெஃபர்சன் டேவிஸுக்கும் வித்தியாசம் தெரியாமல் பலர் குழம்பினார்கள். மெக்சிகோவோடு போர் மூண்ட 1846ஆம் ஆண்டு டெக்சாஸ் பிள்ளைகளுக்கே எதையும் நினைவூட்டவில்லை.

இந்த மதிப்பெண்களைவிட, கட்டுரையின் தொடக்கத்தில் அவர்கள் செய்த ஒப்புதல் முக்கியமானது. வரலாற்று அறிவு என்றால் என்ன என்று ஐந்து திறன்களைப் பட்டியல் போட்டார்கள். முரண்படும் ஆவணங்களையும் செய்தித்தாள்களையும் வதந்திகளையும் சலித்து நம்பத்தக்க ஒரு விவரணையை உருவாக்குவது அவற்றில் ஒன்று. இன்றைய நிகழ்ச்சியைக் கடந்த காலத்தின் வெளிச்சத்தில் புரிந்துகொள்வது இன்னொன்று. பெயர், ஆண்டு, நிகழ்ச்சி ஆகியவற்றை நினைவிலிருந்து சொல்வது கடைசியாக வந்தது. அதுதான் ஐந்திலும் குறுகியது என்பதை அவர்களே ஏற்றுக்கொண்டார்கள். ஆனால் சோதிக்க எளிது என்பதால் அதையே சோதித்தார்கள். ஒளிவு மறைவற்ற வாக்குமூலம் அது. பின்னால் வந்தவர்கள் அந்தத் தேர்வு முறையை எடுத்துக்கொண்டார்கள், வாக்குமூலத்தை விட்டுவிட்டார்கள்.

1943இல் நியூயார்க் டைம்ஸ் நாளேடு சுமார் 7,000 முதலாண்டுக் கல்லூரி மாணவர்களைச் சோதித்தது. வரலாற்றாசிரியர் ஆலன் நெவின்ஸ் அதற்குத் துணை நின்றார். நாட்டின் தொடக்க காலப் பதின்மூன்று காலனிகளையும் சொல்ல முடிந்தவர்கள் 6 சதவீதம் பேர். உலகப்போர் நடந்துகொண்டிருந்த நேரம், நாடே கொதித்தது. மறு ஆண்டு அந்தச் செய்தித் தொடருக்காக நாளேட்டுக்குப் புலிட்சர் பரிசும் கிடைத்தது. 1986இல் தேசிய அளவில் 17 வயதினருக்கு நடந்த தேர்வில் சராசரி 54.5 சதவீதம். உள்நாட்டுப் போர் 1850க்கும் 1900க்கும் இடையில் நடந்தது என்று சரியாகச் சொன்னவர்கள் மூன்றில் ஒரு பங்கினர்தான். டயான் ராவிட்சும் செஸ்டர் ஃபின்னும் அதைப் புத்தகமாக்கி, ஒரு தலைமுறையே வரலாற்றை மறந்துவிட்டதாக எச்சரித்தார்கள்.

“எங்கள் காலத்தில் இப்படியா?” என்று கேட்பது எல்லா ஊர்ப் பெரியவர்களுக்கும் பிடித்த விளையாட்டு. அதை உண்மையிலேயே சோதித்துப் பார்த்தவர் டேல் விட்டிங்டன். நூற்றாண்டின் தொடக்கத்திலிருந்து நடந்த தேர்வுகளின் கேள்விகளை ஒப்பிட்டு 1991இல் அவர் வந்த முடிவு: பிள்ளைகள் தங்கள் பெற்றோரையும் தாத்தா பாட்டியையும்விட மோசம் என்று சொல்ல ஆதாரம் இல்லை. அந்தத் தாத்தா பாட்டிக்கும் இதெல்லாம் தெரியாமல்தான் இருந்தது.

அதற்குப் பிந்தைய கதையில் ஏற்றமும் உண்டு, இறக்கமும் உண்டு. எட்டாம் வகுப்பு மாணவர்களுக்கான தேசிய மதிப்பீட்டில் அமெரிக்க வரலாற்றின் சராசரி 1994இல் 259. அது 2014இல் 267 வரை ஏறி, 2022இல் 258க்கு இறங்கியது. 2022இல் ‘தேர்ச்சி’ என்று வரையறுக்கப்பட்ட நிலையை எட்டியவர்கள் 13 சதவீதம். சரிவு கவலைக்குரியதுதான். ஆனாலும் தொடங்கிய இடத்துக்கே திரும்பி வந்திருக்கும் எண் இது என்பதைத் தலைப்புச் செய்திகள் சொல்லவில்லை.

தேர்வுக் கருவி செய்யப்படும் விதத்தையும் கவனிக்க வேண்டும். பெரிய அளவிலான கொள்குறித் தேர்வில் ஒவ்வொரு கேள்வியையும் முன்கூட்டியே ஒரு கூட்டத்திடம் கொடுத்துச் சோதிப்பார்கள். எல்லோரும் சரியாகச் சொல்லும் கேள்வி மாணவர்களைப் பிரித்துக் காட்டாது; அதைத் தூக்கிவிடுவார்கள். சிலர் தவறிச் சிலர் தப்பும் கேள்விகளே கடைசியில் மிஞ்சும். அப்படிச் சலித்தெடுத்த தாளை எழுதும் நாட்டின் சராசரி எப்படி 90ஐத் தொடும்? பெரும்பாலோருக்குத் தெரிந்த வரலாறு வினாத்தாளுக்குள் நுழையவே வழியில்லை. ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் சாம் வைன்பர்க் இந்தப் பொறியைத் தொடர்ந்து சுட்டிக்காட்டியவர்.

அவரும் சான்சி மான்டே-சானோவும் ஒருமுறை கேள்வியையே திருப்பிப் போட்டார்கள். ஐம்பது மாநிலங்களிலும் 2,000 உயர்நிலைப் பள்ளி மாணவர்களிடம் வெற்றுத்தாளைக் கொடுத்து, குடியரசுத் தலைவர்களை விட்டுவிட்டு அமெரிக்க வரலாற்றில் மிகப் புகழ்பெற்றவர்களின் பெயர்களை எழுதச் சொன்னார்கள். மார்ட்டின் லூதர் கிங்கை 67 சதவீதத்தினரும் ரோசா பார்க்ஸை 60 சதவீதத்தினரும் ஹாரியட் டப்மனை 44 சதவீதத்தினரும் எழுதியிருந்தார்கள். முதல் மூவருமே கறுப்பின மக்கள். ஒரு நாட்டின் நினைவில் ஒரு தலைமுறைக்குள் எவ்வளவு பெரிய மாற்றம் நடந்திருக்கிறது என்பதை, பிள்ளைகளுக்கு என்ன தெரியாது என்று தேடும் தேர்வு எதுவும் காட்டித் தந்திருக்காது.

வைன்பர்க்கின் 1991ஆம் ஆண்டு ஆய்வு இன்னும் ஆழமானது. எட்டு வரலாற்று ஆய்வாளர்கள், நன்றாகப் படிக்கும் எட்டுப் பள்ளி மாணவர்கள். இரு தரப்புக்கும் ஒரே கட்டு ஆவணங்கள்: 1775 ஏப்ரல் 19 அன்று லெக்சிங்டனில் அமெரிக்க விடுதலைப் போரைத் தொடங்கிவைத்த மோதல் பற்றிய வாக்குமூலங்கள், நாட்குறிப்பு, கடிதம், பள்ளிப் பாடநூலின் ஒரு பகுதி, ஒரு நாவலின் பகுதி. படிக்கும்போது மனத்தில் ஓடுவதை வாய்விட்டுச் சொல்ல வேண்டும். ஆய்வாளர்களில் சிலர் அமெரிக்க வரலாற்றில் தேர்ந்தவர்களே அல்லர்; பாடநூலிலிருந்து கேட்ட தகவல் கேள்விகளில் மாணவர்களிடம் தோற்றுப்போனவர்களும் உண்டு. ஆனால் ஆவணத்தைக் கையில் எடுத்ததும் அவர்கள் கண் நேராக அடிக்குறிப்புக்குப் போனது: எழுதியது யார், எந்தத் தேதி, சம்பவம் நடந்து எத்தனை நாள் கழித்து? மாணவர்கள் முதல் வரியில் தொடங்கிக் கடைசி வரி வரை ஒழுங்காகப் படித்தார்கள். எது நம்பத் தகுந்தது என்று வரிசைப்படுத்தச் சொன்னபோது அவர்கள் முதலிடம் கொடுத்தது பாடநூலுக்கு. ஆய்வாளர்களோ அதை வரிசையின் அடியில் தள்ளினார்கள்.

இந்தப் பதினாறு பேருக்கும் வழக்கமான தேர்வை வைத்திருந்தால் மாணவர்கள் சிலர் ‘சிறந்த வரலாற்று அறிஞர்கள்’ ஆகியிருப்பார்கள்.

அப்படியானால் சான்றுகளையே வினாத்தாளில் வைத்துவிடலாமே என்று தோன்றும். இங்கிலாந்து அதைத்தான் செய்தது. 1972இல் லீட்ஸ் நகரில் தொடங்கிய 13–16 வயதினருக்கான வரலாற்றுத் திட்டம், சான்றைக் கையாள்வதைப் பாடத்தின் மையத்துக்குக் கொண்டுவந்தது. 1988இல் முதன்முதலாக நடந்த ஜி.சி.எஸ்.இ. என்ற பள்ளிப் பொதுத்தேர்வில் சான்று வினாக்கள் நாடு முழுவதற்கும் பொதுவாயின. அமெரிக்காவிலும் கல்லூரிப் பாடத்துக்கு நிகரான ஏ.பி. தேர்வில் 1973இலேயே ஆவணக் கட்டுரை வினா வந்துவிட்டது. இப்போது அதில் ஏழு ஆவணங்களைத் தருகிறார்கள். ஒரு மணி நேரத்தில் படித்துக் கட்டுரை எழுத வேண்டும்.

இரண்டு இடத்திலும் பயிற்சி ஆசிரியர்கள் சூத்திரத்தைக் கண்டுபிடிக்க அதிக காலம் ஆகவில்லை. இரண்டு மூன்று வரிச் சான்றுத் துணுக்கைப் பார்த்ததும் ‘எழுதியவர் ஆங்கிலேயர், ஆகவே ஒருசார்பானது’ என்று ஒரு வரி, ‘நேரில் பார்த்தவர், ஆகவே நம்பலாம்’ என்று ஒரு வரி, அடுத்த சான்று. ஒருசார்பான சான்றும் பயன்படும், சில கேள்விகளுக்கு அதுதான் மிகச் சிறந்த சான்று என்ற இடத்துக்கு மாணவர் வருவதே இல்லை. மனப்பாடம் ஒழிந்தபாடில்லை, தகவலை உருப்போட்ட இடத்தில் திறனுக்கான வாய்பாட்டை உருப்போடுகிறார்கள். தமிழ்நாட்டின் கூற்று–காரணம் வினாவிலும் இதே சங்கடம் இருக்கிறது. காரணம் கூற்றை விளக்குகிறதா என்று கேட்பது சிந்தனைக் கேள்வி மாதிரிதான் தெரியும். ஆனால் விளக்கம் பாடநூலில் அச்சிட்ட வாக்கியமாகவே இருந்தால், மாணவி எடை போடுவது காரணத்தை அல்ல, தன் ஞாபகத்தை.

கொள்குறி வினாவால் சிந்தனையை அளக்கவே முடியாதா? மார்க் ஸ்மித் என்ற ஆய்வாளர், தேசிய மதிப்பீட்டில் வரலாற்றுச் சிந்தனையை அளப்பதாகச் சொல்லப்பட்ட கேள்விகளை மாணவர்களிடம் கொடுத்து, விடை தேடும்போது வாய்விட்டு யோசிக்கச் சொன்னார். காதில் விழுந்தது நினைவுகூர்தலும், பத்தியைப் படித்துப் பொருள்கொள்வதும், பொருந்தாத விடைகளைக் கழித்துக்கட்டும் தேர்வுத் தந்திரமும்தான். சரியான விடை வந்தது. வரலாற்றுச் சிந்தனை வரவில்லை.

வைன்பர்க்கின் ஸ்டான்ஃபோர்டு குழு இதற்கு மாற்றாகச் செய்த வினாக்கள் அளவில் சிறியவை. பத்து நிமிடத்துக்குள் முடிந்துவிடும். ஒவ்வொன்றும் ஒரே ஒரு திறனைத்தான் தொடும். புகழ்பெற்ற ஒரு வினாவில் ஃபெர்ரிஸ் வரைந்த ‘முதல் நன்றி நவிலல் விருந்து, 1621’ ஓவியம் இருக்கும். இங்கிலாந்திலிருந்து வந்து குடியேறியவர்களும் வாம்பனோவாக் பழங்குடியினரும் ஒன்றாக அமர்ந்து உண்ணும் காட்சி. கீழே ஓவியத்தின் ஆண்டு 1932 என்று அச்சிட்டிருக்கும். கேள்வி: 1621இல் இரு தரப்புக்கும் இருந்த உறவைப் புரிந்துகொள்ள இந்த ஓவியம் வரலாற்றாசிரியருக்கு உதவுமா? விடை, இரண்டு ஆண்டுகளுக்கும் நடுவே கிடக்கும் 311 வருடங்களில் இருக்கிறது. பெரும்பாலான மாணவர்கள் அந்த எண்ணைக் கடந்து, ஓவியத்தில் இருக்கும் முகங்களையும் உணவையும் வர்ணிக்கத் தொடங்கிவிடுகிறார்கள்.

சிரிக்க அவசரப்பட வேண்டாம். 1798 செப்டம்பரில் இராமநாதபுரத்தில் கலெக்டர் ஜாக்சனைக் கட்டபொம்மன் சந்தித்தபோது என்ன பேசினார் என்று தமிழ்நாட்டில் கேட்டுப் பாருங்கள். வீட்டுக்கு ஒருவர் எழுந்து நின்று, சிவாஜி கணேசனின் குரலிலேயே சொல்லிக் காட்டுவார். கட்டபொம்மனாக அவர் நடித்த பி.ஆர். பந்துலுவின் படம் வந்தது 1959இல். இடைவெளி 161 வருடம். வசனம் நாடக மேடையில் பிறந்தது. இந்தச் சந்திப்பு பற்றி அக்காலத்திலேயே எழுதப்பட்டவையும் உண்டு: கலெக்டர் தரப்புக் கடிதங்கள், சென்னை அரசு நடத்திய விசாரணை, ஜாக்சனின் பதவி நீக்கம் பற்றிய குறிப்புகள். படத்தை ஒரு பக்கமும் விசாரணையை ஒரு பக்கமும் வைத்து, 1798ஐ அறிய எது உதவும், 1959இன் தமிழர்களை அறிய எது உதவும் என்று ஒரு மாணவியிடம் கேட்டால், அவள் எழுதும் நாலு வரி எட்டு மார்க் கட்டுரையைவிட அதிகம் காட்டிக்கொடுக்கும். படத்தைப் பொய் என்று தள்ளுபவளுக்கு அங்கே முழு மதிப்பெண் கிடையாது.

இங்கே ஒரு மறுப்பை எதிர்பார்க்கலாம்: அப்போது ஆண்டும் பெயரும் தெரிய வேண்டாமா? கட்டாயம் தெரிய வேண்டும். எம்டன் கப்பலை எடுத்துக்கொள்ளலாம். 1914 செப்டம்பர் 22 இரவு அந்த ஜெர்மானியப் போர்க்கப்பல் சென்னை மீது நூற்றுக்கும் மேற்பட்ட குண்டுகளைப் பொழிந்தது. துறைமுகத்தை ஒட்டியிருந்த பர்மா எண்ணெய்க் கம்பெனியின் தொட்டிகள் எரிந்தன. உயர் நீதிமன்ற வளாகச் சுவரில் இன்றும் ஒரு கல்வெட்டு இருக்கிறது. யாருக்கும் பிடிகொடுக்காத ஆளை ‘சரியான எம்டன்’ என்று சொல்லும் வழக்கும் அந்த இரவு விட்டுச் சென்றதுதான். கூடவே, விடுதலைப் போராளி செண்பகராமன் பிள்ளை அந்தக் கப்பலில் வந்தார் என்ற செய்தியும் தமிழில் பல இடங்களில் அச்சாகியிருக்கிறது.

இதை ஒரு வினாவாக்கலாம். கப்பல் 1914 ஜூலை இறுதியில் சீனக் கடற்கரையிலுள்ள சிங்தாவ் தளத்திலிருந்து புறப்பட்டது. செண்பகராமன் அதே செப்டம்பரில் சுவிட்சர்லாந்தின் சூரிச் நகரில் இந்திய ஆதரவுக் குழுவை அமைத்துக்கொண்டிருந்தார். அக்டோபரில் பெர்லினுக்குப் போனார். இந்த இரண்டு தகவலையும் கொடுத்து, கப்பலில் வந்தார் என்ற கூற்றை எடை போடச் சொல்ல வேண்டும். போர் மூண்ட பிறகு ஐரோப்பாவிலிருந்து இந்தியப் பெருங்கடலில் திரியும் ஜெர்மானியக் கப்பலுக்கு ஓர் இந்தியர் எப்படிப் போய்ச் சேருவார்? கடல்வழியெல்லாம் யார் கையில் இருந்தது? முதல் உலகப்போர் எந்த மாதம் தொடங்கியது என்று தெரியாத மாணவி இந்த வாசலில் நின்றுவிடுவாள். ஆண்டும் இடமும் அவளுக்கு வேண்டும். ஒப்பிப்பதற்காக வேண்டாம், ஒரு கதையைத் தட்டிப் பார்ப்பதற்காக வேண்டும். இன்னும் ஒரு படி மேலே போய், நடக்காத கதையை ஒரு சமூகம் ஏன் விரும்பி நம்பியது என்று கேட்கும் மாணவியும் வகுப்பில் ஒருத்தி இருப்பாள். அவளுக்கு எந்த விடைக்குறிப்பிலும் இடம் ஒதுக்கப்படவில்லை.

விடைக்குறிப்பு என்றதும் நடைமுறைச் சிக்கல் வந்துவிடுகிறது. பத்தாம் வகுப்புத் தேர்வை ஆண்டுதோறும் சுமார் 9 லட்சம் பேர் எழுதுகிறார்கள். திருத்தும் மையத்தில் ஆசிரியருக்குக் கட்டுக் கட்டாகத் தாள் வந்து விழும். ‘பாயிண்ட்’ இருந்தால் மதிப்பெண் போடும் முறை சோம்பலால் வந்ததல்ல. ஒரு மாவட்டத்தில் திருத்துவதும் இன்னொரு மாவட்டத்தில் திருத்துவதும் ஒன்றாக இருக்க வேண்டும் என்ற நியாயத்தாலும் வந்தது. மாணவி வழக்குப் போட்டால் பதில் சொல்லியாக வேண்டும். ஆகவே திறந்த வினாக்களைப் பொதுத்தேர்வுத் தாளில் ஒரே நாளில் கொட்ட முடியாது. கொட்டினாலும் அடுத்த ஆண்டே கைடு புத்தகத்தில் மாதிரி விடை வந்துவிடும்.

அறிவியலின் 25 மதிப்பெண் இங்கேதான் வழி காட்டுகிறது. பள்ளி அளவில், சிறிய பணிகளாக, மூன்றே படிநிலை கொண்ட மதிப்பீட்டுக் குறிப்போடு வரலாற்றுக்கும் ஒரு செய்முறைத் தேர்வை வைக்கலாம். ஸ்டான்ஃபோர்டு வினாக்களும் மூன்று படியில்தான் திருத்தப்படுகின்றன. அதனால்தான் இரண்டு ஆசிரியர்கள் தனித்தனியாகத் திருத்தினாலும் பெரிதாக வேறுபடுவதில்லை. இதில் ஓட்டை இல்லாமல் இல்லை. செய்முறைத் தேர்வில் 25க்கு 25 தாராளமாக விழும் பள்ளிகள் உண்டு என்பது ஊரறிந்த ரகசியம். வரலாற்றிலும் அது நடக்கும். அப்படியே நடந்தாலும், அந்த மதிப்பெண்ணை வாங்குவதற்காக மாணவி ஒருமுறையாவது ஒரு சான்றைக் கையில் தொட்டிருப்பாள். இப்போது அதுகூட இல்லை.

ஆய்வகம் கட்டத் தேவையில்லை. முதல் உலகப்போருக்கு ஆள் அனுப்பிய ஊர்களில் பிரிட்டிஷ் அரசு பதித்த சலவைக்கல் பலகைகளைத் தமிழ்நாட்டுக் கிராமங்களில் இன்னும் பார்க்க முடியும். இந்த ஊரிலிருந்து இத்தனை பேர் போருக்குப் போனார்கள், இத்தனை பேர் உயிரை விட்டார்கள் என்று ஆங்கிலத்தில் இரண்டு மூன்று வரி. எண் இருக்கும், பெயர் இருக்காது. அதன் முன் ஒரு வகுப்பை நிறுத்தி மூன்று கேள்வி கேட்கலாம். இதைப் பதித்தவர் யார், யார் படிப்பதற்காகப் பதித்தார்? ஊரில் பலருக்குப் படிக்கத் தெரியாத மொழியில் ஏன் எழுதினார்? போனவர்களின் பெயர் வேண்டுமென்றால் எங்கே தேடுவாய்?

கல்லில் இருப்பதை அப்படியே எழுதிக் கொடுப்பவருக்கு முதல் படி. அரசு தன் பெருமைக்காக வைத்தது என்று சொல்லி நிறுத்திக்கொள்பவருக்கு இரண்டாம் படி. ராணுவப் பதிவேடு, ஓய்வூதியக் காகிதம், ஊரிலுள்ள மூத்தவர்களின் நினைவு என்று தேடும் இடங்களைச் சொல்லி, ஒவ்வொன்றும் எதைச் சொல்லும், எதை மறைக்கும் என்றும் எழுதுபவருக்கு மூன்றாம் படி. போன ஆள் தன் கொள்ளுத்தாத்தா என்று ஒரு பிள்ளை கையைத் தூக்கினால், அதற்கு எத்தனை மதிப்பெண் என்பதை ஆசிரியர் அங்கேயே முடிவு செய்துகொள்ள வேண்டியதுதான்.